மணிக்கட்டைச் சொடுக்கினாலே பந்து போகிறது. எழுந்து நின்று ஆடுவது எதற்கு?

நாற்காலி வீரன் | 3 ஆகஸ்ட் 2024, இரவு 10.12

நின்டெண்டோவின் வீ கேம் பெட்டிக்கான வீ ஸ்போர்ட்ஸ், ரிமோட்டைக் கையில் பிடித்து வீசி ஆடும் ஆட்டம், வந்தது 2006 நவம்பரில். பதினெட்டு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஆட எது நல்லது என்று யார் கேட்டாலும் இன்னும் அதையோ, அதன் பேரப்பிள்ளை, பின்னால் வந்த ஸ்விட்ச் பெட்டியின் ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸையோதான் கைகாட்டுகிறார்கள்.

என் கட்சி: இது விளையாட்டு இல்லை, விளையாடுகிற மாதிரி ஒரு பாவனை. டென்னிஸில் தோளிலிருந்து வீசினாலும் சரி, சோபாவில் சாய்ந்துகொண்டு ஈ ஓட்டுகிற மாதிரி ரிமோட்டை ஆட்டினாலும் சரி, பந்து ஒரே மாதிரிதான் போகிறது. பந்து இருக்கும் இடத்துக்கு ஓடுவதைக்கூட அதுவே பார்த்துக்கொள்கிறது. அப்புறம் நமக்கு அங்கே என்ன வேலை? இந்த ரகசியம் தெரிகிற நாளோடு ஆட்டம் முடிந்தது.

8 கோடி விற்றது என்று யாரும் கிளம்ப வேண்டாம். பெட்டியோடு சும்மா வந்தது அது.

வெள்ளீயம் | 3 ஆகஸ்ட் 2024, இரவு 11.05

ஜப்பானிலும் தென்கொரியாவிலும் சும்மா தரவில்லை, தனியாகத்தான் விற்றார்கள். ஜப்பானில் காசு கொடுத்து வாங்கினவர்களே பல லட்சம். அதை விடுங்கள்.

சொடுக்கு ஏன் பலிக்கிறது என்பதற்கு வருவோம். முதல் வீ ரிமோட்டுக்குள் இருப்பது ஒரு ஆக்சலரோமீட்டர், அதாவது முடுக்கத்தை அளக்கும் சிப், அனலாக் டிவைசஸ் செய்த ஏடிஎக்ஸ்எல்330. ரிமோட் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதும் தெரியாது. வேகம் எப்படி மாறுகிறது என்பது மட்டும் தெரியும், அதுவும் புவியீர்ப்போடு கலந்து. அளவு வரம்பு சுமார் ±3 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு. கையை முழுசாக வீசினால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினபிறகு எவ்வளவு ஆவேசமாக வீசினாலும் சிப்பிலிருந்து வருவது அதே உச்ச எண்தான். மணிக்கட்டை வெடுக்கென்று சொடுக்கினாலும் அதே உச்சியைத் தொடும். ஆக, உங்கள் தோளும் என் மணிக்கட்டும் அதன் கணக்கில் ஒன்று.

முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து இடம் என்று கணக்குப் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். கணிதப்படி ஆகும். நடைமுறையில் சின்னப் பிழைகூட இரண்டு தடவை கூட்டிக் கூட்டிப் பெருகி, சில நொடிக்குள் ரிமோட் பக்கத்து வீட்டில் இருப்பதாகக் காட்டும்.

இன்னொரு குருட்டுப் புள்ளியும் உண்டு. டிவியை நோக்கி நீட்டிய ரிமோட்டை இடம் வலமாகத் திருப்பினால் ஈர்ப்பின் திசை மாறுவதில்லை. மெதுவாகத் திருப்பினால் சிப்புக்கு ஒன்றுமே தெரியாது.

பத்தாம் பின் | 4 ஆகஸ்ட் 2024, காலை 7.30

நமக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, டென்னிஸில் வேலை நேரம் பார்ப்பது. வலக்கை ஃபோர்ஹேண்டில் சீக்கிரம் வீசினால் பந்து இடப்பக்கம் போகும், தாமதித்தால் வலப்பக்கம். சர்வீஸில் பந்து மேலே போய் உச்சியில் நிற்கிற அந்தக் கணத்தில் அடித்தால் அசுர வேகம், முன்னேயோ பின்னேயோ அடித்தால் சாதா பந்து. இது தெரியாமல் ஆட்டுகிறவர்களுக்குத்தான் எல்லாம் ஒன்று. ஆட்டத்துக்குள் எதிரே வரும் கெட்டிக்கார எலிசா, சாரா ஜோடியை ஈ ஓட்டி ஜெயித்துப் பாருங்கள்.

நாற்காலி வீரன் | 4 ஆகஸ்ட் 2024, காலை 8.02

ஒரு பட்டனை நேரம் பார்த்து அழுத்துகிற ஆட்டத்தைத்தானே சொல்கிறீர்கள். அதற்கு ரிமோட் எதற்கு?

பத்தாம் பின் | 4 ஆகஸ்ட் 2024, மதியம் 1.15

ஏனென்றால் பட்டன் அழுத்துகிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கூடத்தில் ஆறு பேர் இருந்தால் ஆடுவது இரண்டு பேர், வேடிக்கை பார்ப்பது நாலு பேர். அந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் இந்த ஆட்டம். கை வீச்சு அவர்களுக்கான காட்சி. பதினாறு பட்டனுள்ள கன்ட்ரோலரைப் பாட்டியிடம் கொடுத்தால் அரை மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். இதில் "பந்து வரும்போது அடிங்க" என்பதோடு பாடம் முடிந்தது.

ஆனாலும் உங்கள் கேள்வியை முழுசாகத் தள்ள முடியாது. வீ ஸ்போர்ட்ஸின் டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கால்ஃப், பாக்ஸிங் ஐந்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பௌலிங் (கிரிக்கெட் இல்லை, பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்ப்பது) இன்னும் உயிரோடு இருக்கிறது, பாக்ஸிங் அன்றைக்கே செத்துவிட்டது. இரண்டிலும் இருப்பது அதே சிப்தான்.

பௌலிங்கில் நடப்பது இது. ரிமோட்டின் அம்புக்குறிப் பட்டனால் நிற்கும் இடத்தை நகர்த்துகிறோம். ஏ அழுத்தினால் இடத்துக்குப் பதில் திசை மாறும். ரிமோட்டை முகத்துக்கு நேரே செங்குத்தாகப் பிடித்து, பி பட்டனை அழுத்தியபடி கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசி, சரியான இடத்தில் பி-யை விட வேண்டும். நிஜப் பந்தில் விரல் விடுபடுகிற அதே நொடி. மணிக்கட்டு திரும்பினால் பந்து வளையும். வலக்கைக்காரர்களுக்கு வீச்சின் முடிவில் கை தன்னாலே உள்ளே திரும்பும், அதனால்தான் பந்து இடப்பக்கம் ஓடுகிறது. ஒரு தப்படி வலப்பக்கம் தள்ளி நின்றால் பாதிச் சிக்கல் தீரும். பின்னால் வீசும்போதே பி-யை விட்டுவிட்டால் பந்து முதுகுப்பக்கம் பறந்து, அங்கே நிற்கிற கூட்டம் துள்ளி ஓடும். தோற்றவரும் சிரிக்கிற மாதிரி ஒரு தப்பு. இதை யோசித்து வைத்தவருக்குத் தனியாக ஒரு மாலை போடலாம்.

வெள்ளீயம் | 4 ஆகஸ்ட் 2024, இரவு 9.48

பாக்ஸிங் சாவுக்குக் காரணம் சிப் அளவில் தெளிவு. பௌலிங்கில் தொடக்கமும் முடிவும் பட்டனால் குறிக்கப்படுகின்றன, மென்பொருள் நடுவில் மட்டும் பார்த்தால் போதும். பாக்ஸிங்கில் ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் அதோடு கம்பியால் இணைந்த நன்சக் என்ற சின்னக் கருவி, இரண்டும் ஓயாமல் ஆடுகின்றன. எது குத்து, எது குத்திவிட்டுக் கையை இழுப்பது, எது தலையை நகர்த்தும் சாய்வு என்று ஊகிக்க வேண்டும். வேகமாகக் குத்தக் குத்த உள்ளே இழுக்கும் அசைவும் அதே அளவுக்குப் பெரிதாகும், இரண்டும் குழம்பி, பாதிக் குத்து பதிவே ஆகாது.

ஆட முடியாது என்றில்லை. சின்னதாகக் குத்த வேண்டும், ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் கையை ஒரு கணம் அசையாமல் நிறுத்த வேண்டும். குத்து அரை முழம் போனால் போதும். வெறியோடு இரு கையையும் சுழற்றுகிறவர் தோற்பார். விருந்துக்கு வந்தவர் அதைத்தான் செய்வார் என்பது வேறு விஷயம்.

கால்ஃபில் தலைகீழ்க் கோளாறு. தூர அடி சுலபம், குழிக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டுவது நரகம். மெதுவான அசைவில் முடுக்கம் மிகச் சிறிது, கை நடுக்கத்திலிருந்து அதைப் பிரிப்பது கஷ்டம். ஒன்றும் பதிவாகாது, அல்லது திடீரென்று குழியைத் தாண்டி மறுபக்கம். வழி ஒன்று: ஏ-யை அழுத்தாமல் வீசினால் அது ஒத்திகை, பக்கத்தில் உள்ள அளவுகோல் மட்டும் ஏறும். நாலைந்து தடவை ஒத்திகை பார்த்து, கை அந்த வேகத்துக்குப் பழகியதும் ஏ-யை அழுத்திக்கொண்டு அதையே திரும்பச் செய்ய வேண்டும். தூர அடியில் அளவுகோல் உச்சத்தைத் தாண்டினால் பந்து பக்கவாட்டில் வளையும், அதனால் "பலமாக அடி" என்பது கால்ஃபில் செல்லாது.

அந்த ஒன்பது குழிகளும் 1984ல் வந்த பழைய நின்டெண்டோ கால்ஃப் ஆட்டத்தின் குழிகள்தான், மேலே புதுப் புல் போட்டது.

பத்தாம் பின் | 5 ஆகஸ்ட் 2024, காலை 6.55

அப்படியானால் விதி இதுதான்: "இப்போது" என்று முடிவு செய்வது ஆடுகிறவர் கையில் இருக்கிற விளையாட்டு நிலைக்கும். உடல் எங்கே இருக்கிறது என்று ஓயாமல் தெரிந்தாக வேண்டிய விளையாட்டு கவிழும்.

வெள்ளீயம் | 5 ஆகஸ்ட் 2024, காலை 9.20

பேஸ்பால்? மட்டை வீசுவது முழுக்க "இப்போது" ஆட்டம்தான். ஆனால் யாரும் இரண்டாம் தடவை போடுவதில்லை.

பத்தாம் பின் | 5 ஆகஸ்ட் 2024, காலை 9.41

சரி, விதியில் ஓட்டை. பேஸ்பாலில் ஃபீல்டிங் தானியங்கி, பந்து வீசுகிறவர் எந்த வகைப் பந்து என்று பட்டனில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கையை ஒரு தடவை ஆட்டுகிறார். மூன்று இன்னிங்ஸில் பாதி நேரம் சும்மா நிற்கிறோம். "இப்போது" என்பது கையில் இருந்தால் மட்டும் போதாது, அது அடிக்கடி வரவும் வேண்டும். திருத்திக்கொள்கிறேன்.

மாடிவீடு | 6 ஆகஸ்ட் 2024, இரவு 8.30

எல்லாரும் வீ பத்தியே பேசுறீங்க. கையில ஒண்ணுமே பிடிக்காம ஆடுற கினெக்ட், எக்ஸ்பாக்ஸோட கேமரா, 2010லயே வந்துச்சு. கினெக்ட் ஸ்போர்ட்ஸ்ல ஓட்டப்பந்தயம், ஈட்டியெல்லாம் சேர்ந்த தடகளம், ஃபுட்பால், பீச் வாலிபால்னு மொத்தம் ஆறு ஆட்டம். அதுல சொடுக்கு வேலையெல்லாம் நடக்காது. ஓடணும்னா நின்ன இடத்துல நிஜமாவே ஓடணும். கீழ்வீட்டுக்காரர் ஏறி வர்ற வரைக்கும்.

வெள்ளீயம் | 6 ஆகஸ்ட் 2024, இரவு 10.10

கினெக்ட் வேறு பிறவி. ரேர் ஸ்டுடியோ செய்த அந்த ஆட்டம் நல்ல ஆட்டம், கருவிதான் இடம் கேட்கும். ஒருவர் ஆட சென்சாரிலிருந்து சுமார் 1.8 மீட்டர், இருவர் என்றால் சுமார் 2.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதாவது சோபாவையும் டீப்பாயையும் வெளியே வைத்துவிட்டுத்தான் தொடக்கம். அது அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, புள்ளிகள் எப்படி இடம் மாறியிருக்கின்றன என்பதிலிருந்து தூரத்தைக் கணிக்கிறது. ஜன்னல் வழியாக நேர் வெயில் விழுந்தால் புள்ளிகள் அழிந்துவிடும். சில கறுப்புத் துணி அகச்சிவப்பை விழுங்கிவிடும், அந்த இடத்தில் உடம்பில் ஓட்டை விழும். வேட்டி, சேலை, நீளப் பாவாடை கட்டியவருக்குக் கால் இரண்டு என்பதே அதற்குப் பிடிபடாது. மடித்துக் கட்டினால் ஓரளவு ஒத்துக்கொள்ளும்.

கேமரா படம் எடுப்பது நொடிக்கு 30 தடவை, அதன்மேல் படத்திலிருந்து கை கால் எங்கே என்று கணிக்கும் நேரம். மேசைப்பந்தில் அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் பட்டன் இல்லாதது பெருமையாகச் சொல்லப்பட்டது, கோளாறும் அதுவே. கினெக்ட் பௌலிங்கில் பக்கவாட்டில் கை நீட்டிப் பந்தை எடுக்க வேண்டும், பிறகு வீச வேண்டும். எப்போது விட்டோம் என்பதை மென்பொருள் ஊகிக்கிறது. பத்தாம் பின் சொன்ன "இப்போது" நம்மிடம் இல்லை.

மாடிவீடு | 6 ஆகஸ்ட் 2024, இரவு 10.26

ஒத்துக்கறேன். ஆனா கோல்கீப்பர் பாய்ச்சலுக்கு இன்னிக்கு வரைக்கும் மாற்று இல்ல.

நாற்காலி வீரன் | 9 ஆகஸ்ட் 2024, மாலை 6.00

எல்லாம் சரி, 2009ல் வீ ரிமோட்டுக்கு மோஷன்பிளஸ் வந்து இந்தக் குறையெல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதானே விளம்பரம்? சொடுக்கு இனி செல்லாது என்றார்கள்.

வெள்ளீயம் | 9 ஆகஸ்ட் 2024, இரவு 9.15

பாதி தீர்ந்தது. மோஷன்பிளஸ் என்பது ஜைரோ, சுழற்சியை அளக்கும் சிப். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று மூன்று அச்சிலும் சொல்லும், அந்தக் குருட்டுப் புள்ளி போய்விட்டது. அடுத்து வந்த வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டின் பன்னிரண்டு விளையாட்டில் வாள்சண்டை, வில், மேசைப்பந்து மூன்றும் அதனால்தான் சாத்தியம். கத்தி கையோடு திரும்பும். மேசைப்பந்தில் மட்டையின் சாய்வு சுழலாக மாறும். ஆனால் சுழற்சி தெரிந்ததே தவிர இடம் இன்னும் தெரியாது. பந்து இருக்கும் இடத்துக்கு நகர்வது இப்போதும் தானியங்கி.

ஜைரோவுக்கு வேறு வியாதி: நகர்வு. அசையாமல் வைத்தாலும் கொஞ்சம் சுழல்வதாகச் சொல்லும், வெப்பம் மாறினால் அந்தப் பிழையும் மாறும். மேல்கீழ்ச் சாய்வையும் பக்கச் சாய்வையும் ஈர்ப்பைப் பார்த்து ஆக்சலரோமீட்டர் திருத்திவிடும். இடவலத் திருப்பத்தைத் திருத்த அதனால் முடியாது. அதற்குத்தான் ரிமோட்டைப் பட்டன் பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து மேசையில் வைக்கச் சொல்கிறது ஆட்டம். பொறுமையில்லாமல் கையில் பிடித்துக்கொண்டே "ஆச்சு ஆச்சு" என்று தாண்டினால், அந்தக் கை நடுக்கத்தைத்தான் அது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பிறகு கத்தி தானாக ஒரு பக்கம் சரியும். ரிமோட் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டியவர்கள்.

பத்தாம் பின் | 10 ஆகஸ்ட் 2024, காலை 7.12

துல்லியம் கூடினால் விருந்து குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாள்சண்டையில் பி-யை அழுத்தித் தடுக்கத் தெரிந்தவர், தெரியாதவரை மேடையிலிருந்து வரிசையாகத் தள்ளுவார். ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸின் வாள்சண்டையான சம்பராவில் இன்னும் மோசம்: எதிராளியின் வெட்டுக்குக் குறுக்காகக் கத்தியைப் பிடித்தால் அவர் தடுமாறுவார், வெட்டும் கத்தியும் ஒரே திசையில் இருந்தால் அடி நமக்கு. கற்றுக்கொள்ள நல்ல ஆட்டம். ஆனால் புதிதாக வந்தவர் மூன்று தடவை தண்ணீரில் விழுந்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவார்.

பழைய வீ டென்னிஸ் எல்லாரையும் சமமாக வைத்தது. அது ஏமாற்று என்கிறார் நாற்காலி வீரன். நான் கைகொடுப்பு என்கிறேன். டென்னிஸ், பேஸ்பால் இரண்டிலும் மீ உருவத்துக்கு, அதாவது திரையில் நமக்குப் பதிலாக ஆடும் பொம்மைக்கு, கையும் காலும் வரையாமல் விட்டதும் அந்தக் கணக்குதான் என்பது என் ஊகம். கை இருந்தால்தானே அது நம் கையோடு ஒத்துப்போகவில்லை என்று தெரியும்.

நாற்காலி வீரன் | 10 ஆகஸ்ட் 2024, காலை 11.30

அது நல்ல வாதம், கொஞ்சம் எரிச்சலோடு ஏற்கிறேன். ஆனால் அந்தச் சமம் இருபது ஆட்டம் தாங்குமா? பௌலிங்கில் நிற்கும் இடம், திசை, வீச்சு மூன்றையும் ஒரே மாதிரி வைத்தால் ஸ்ட்ரைக் (ஒரே உருட்டில் பத்துப் பின்னும் விழுவது) மேல் ஸ்ட்ரைக். உச்ச மதிப்பெண்ணான முழு 300 எடுத்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். நிஜத் தளத்தில் எண்ணெய் காய்ந்து பந்தின் வழி மாறிக்கொண்டே இருக்கும், இங்கே ஒன்றும் மாறாது.

பத்தாம் பின் | 10 ஆகஸ்ட் 2024, மதியம் 12.05

உண்மை. அதனால்தான் ரிசார்ட்டில் 100 பின் ஆட்டமும், தளத்தில் தடைகள் வைத்த ஆட்டமும் சேர்த்தார்கள். ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸில் ஒரே நேரத்தில் 16 பேர் ஆன்லைனில் உருட்டி, சுற்றுக்குச் சுற்றுக் கழிக்கப்படுகிற ஆட்டம் இருக்கிறது. உங்கள் வீட்டு 300 அங்கே இரண்டாம் சுற்றில் நடுங்கும்.

முதல் வீ ஸ்போர்ட்ஸின் பயிற்சியில் பின்கள் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் 91 ஆகும். அந்தச் சுற்றில் பக்கச்சுவரின் மேல்விளிம்பிலேயே பந்தை ஓட்டிக் கடைசி வரை கொண்டுபோனால் மொத்தமும் சரியும். நூற்றில் ஒரு தடவை அமையும்.

மாடிவீடு | 13 ஆகஸ்ட் 2024, இரவு 9.55

பழைய வீ ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம்னா என்னென்ன பாக்கணும்? வெள்ளீயம் பதில் சொல்லுங்க. சுருக்கமா.

வெள்ளீயம் | 13 ஆகஸ்ட் 2024, இரவு 11.40

சுருக்கமாக வராது.

அமெரிக்கப் பெட்டி என்றால் அடாப்டரைத் திருப்பிப் பார்க்கவும். உள்ளீடு 120 வோல்ட் மட்டும் என்று இருக்கும். நம்மூர் 230ல் செருகினால் அடாப்டர் காலி. வெளியீடு 12 வோல்ட் 3.7 ஆம்பியர், அதே அளவுக்கு 230ல் ஓடும் அடாப்டர் தேட வேண்டும். டிஸ்குக்கும் பெட்டிக்கும் பிராந்தியம் ஒன்றாக இருக்க வேண்டும், அமெரிக்கப் பெட்டியில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது.

டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் சென்சார் பார் என்ற பட்டை பெயரில் மட்டும் சென்சார். அதற்குள் இருப்பது இரு முனையிலும் அகச்சிவப்பு எல்இடிகள், வேறு ஒன்றுமில்லை. பார்க்கிற கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. பார் எரிகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தால் பெரும்பாலும் ஊதா வெளிச்சமாகத் தெரியும். பார் இல்லையென்றால் இரண்டு மெழுகுவத்தியை ஒரு சாண் இடைவெளியில் டிவிக்கு முன் ஏற்றினாலும் ரிமோட்டை நீட்டும் திசையில் திரையின் அம்புக்குறி நகரும். இதே காரணத்தால் டிவிக்குப் பின்னால் குண்டு பல்போ வெயிலோ இருந்தால் அம்புக்குறி பித்துப் பிடித்து ஆடும். பார் டிவிக்கு மேலா கீழா என்பதை மெனுவில் சரியாகச் சொல்லவும்.

முதல் வீ ஸ்போர்ட்ஸில் அம்புக்குறி மெனுவுக்கு மட்டும்தான். ஆட்டம் தொடங்கியபிறகு பாரைப் பிடுங்கினாலும் டென்னிஸ் ஓடும். "பார் சரியில்லை, அதனால் பாக்ஸிங் வரவில்லை" என்பவர்கள் கவனிக்க.

ரிமோட்டின் பேட்டரிக் கூடு. பென்சில் பேட்டரியை வருடக்கணக்கில் உள்ளேயே விட்டிருப்பார்கள், வெள்ளை உப்போ பச்சைக் களிம்போ பூத்திருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் இன்னொரு தடவை துடைத்துக் காயவிடவும். கம்பி அரித்துப்போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

இணைப்பது: கூட்டுக்குள் சின்னச் சிவப்பு சிங்க் பட்டன், பெட்டியில் எஸ்டி கார்டு மூடிக்குள் இன்னொரு சிவப்புப் பட்டன். இரண்டையும் அழுத்தவும்.

ரிசார்ட் ஆட வேண்டுமானால் ரிமோட்டின் அடியில் வீ பெயருக்குக் கீழே "மோஷன்பிளஸ் இன்சைட்" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் அடியில் மாட்டும் தனிக் கட்டை வேண்டும்.

கடைசியாக டிவி. வீ தருவது அதிகபட்சம் 480 கோடுகள், அதற்குக் காம்பொனென்ட் கேபிள் வேண்டும். பெட்டியோடு வந்த மஞ்சள்-சிவப்பு-வெள்ளைக் கேபிளில் அதைவிட மங்கல். புது டிவி இந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, மெருகேற்றி, அதற்குப் பிறகுதான் காட்டும். ஒரு ஃப்ரேம் சுமார் 17 மில்லிநொடி. மெருகேற்றலில் நாலைந்து ஃப்ரேம் போனால் டென்னிஸில் எல்லா அடியும் தாமதம்தான், பந்தெல்லாம் ஒரே பக்கம் ஓடும். டிவியில் கேம் மோடைப் போடுங்கள், மோஷன் ஸ்மூத்திங் அணைத்துவிடுங்கள். மலிவான வீ-எச்டிஎம்ஐ கட்டை இந்தத் தாமதத்தைக் குணப்படுத்தாது.

வெள்ளீயம் | 14 ஆகஸ்ட் 2024, காலை 7.05

மேலே மெழுகுவத்தி என்றதற்கு ஒரு திருத்தம்: திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். எழுதும்போது தோன்றவில்லை.

நாற்காலி வீரன் | 14 ஆகஸ்ட் 2024, காலை 9.00

ரிமோட்டின் மணிக்கட்டு வார் பற்றி ஒருவரும் பேசவில்லையே. டிவியை உடைத்த புகழ் எல்லாம் அதற்குத்தானே.

பத்தாம் பின் | 14 ஆகஸ்ட் 2024, மாலை 5.25

முதலில் வந்த மணிக்கட்டு வாரின் கயிறு 0.6 மில்லிமீட்டர். வியர்த்த கையிலிருந்து ரிமோட் நழுவும், கயிறு அறும், டிவி போகும். பெட்டி வந்து ஒரு மாதத்துக்குள், 2006 டிசம்பரிலேயே, 32 லட்சம் வாரை மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவித்தது, புதியது 1 மில்லிமீட்டர். மறுவருடம் ரப்பர் மேலுறையையும் இலவசமாகக் கொடுத்தார்கள். பழைய ரிமோட்டில் மெல்லிய கயிறு இருந்தால் மாற்றிவிட்டு ஆடுங்கள். மாட்டினால் மட்டும் போதாது, பூட்டை மணிக்கட்டு வரை இழுத்து இறுக்க வேண்டும். கை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தலைக்கு மேலே மின்விசிறியையும் பார்த்துவிட்டுத் தொடங்கவும். டென்னிஸ் சர்வீஸில் உயரமானவர் கை அங்கேதான் போகும்.

சொடுக்கு ஆட்டத்தின் ஒரே நன்மை, டிவி தப்பிக்கும்.

மாடிவீடு | 14 ஆகஸ்ட் 2024, இரவு 8.10

உடம்புக்கு நல்லதுன்னு சொல்லித்தான வாங்குறாங்க எல்லாரும்?

வெள்ளீயம் | 14 ஆகஸ்ட் 2024, இரவு 9.33

2007ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லிவர்பூல் ஆய்வாளர்கள் எழுதியது: 13 முதல் 15 வயதுக்காரர்கள் 11 பேர். உட்கார்ந்து ஆடும் கேமைவிட வீ ஸ்போர்ட்ஸில் குறைந்தது 51 சதவீதம் அதிக ஆற்றல் செலவு. நிஜ விளையாட்டுக்கு அது ஈடாகவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் வந்தது. அதே வருடம் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு ஒரு மருத்துவர் கடிதம் எழுதி, மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடியதால் வந்த தோள்பட்டைத் தசைநார் வலிக்கு "வீ-ஐடிஸ்" என்று பெயர் வைத்தார். காரணம் எளிது. நிஜ மட்டையில் பந்து பட்டதும் வீச்சு தடைப்படும். ரிமோட் வெறும் காற்றில் போகிறது, நிறுத்துகிற வேலை முழுவதும் தோளுக்கு.

பத்தாம் பின் | 15 ஆகஸ்ட் 2024, காலை 6.40

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் வீ பௌலிங் குழுக்கள் கட்டிப் போட்டி நடத்தினார்கள். நிஜப் பந்து ஏழு கிலோ வரை போகும், ரிமோட்டுக்கு எடையே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி உருட்டலாம். நாற்காலி வீரன் குறை என்று முதல் பதிவில் எழுதினாரே, உட்கார்ந்துகொண்டும் ஆட முடிகிறது என்று, அங்கே அதுதான் கதவைத் திறந்தது.

நாற்காலி வீரன் | 15 ஆகஸ்ட் 2024, காலை 8.15

ம்.

மாடிவீடு | 21 ஆகஸ்ட் 2024, இரவு 10.20

இவ்வளவு பேசினோம், ஒருத்தராவது கிரிக்கெட்னு சொன்னீங்களா?

வெள்ளீயம் | 21 ஆகஸ்ட் 2024, இரவு 11.02

பிளேஸ்டேஷன் 3க்கு, அதன் கேமரா பார்க்கும் மூவ் என்ற கையடக்கக் கோலால் ஆட, இந்தியாவிலேயே செய்த மூவ் ஸ்ட்ரீட் கிரிக்கெட் இருக்கிறது. தெரு கிரிக்கெட்டுக்குப் பொருத்தமான கருவியும் அதுதான். மூவ் கோலின் தலையில் ஒளிரும் உருண்டை, அதன் அளவு கேமராவுக்கு முன்கூட்டியே தெரியும். படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரம் கிடைக்கும். அதாவது வீ-க்குக் கடைசி வரை கிடைக்காத "இடம்" மூவுக்குக் கிடைத்தது. மூவுக்கான ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸ் ஆட்டத்தின் மேசைப்பந்தில் முன்னே வந்து தட்டலாம், பின்னே நின்று அடிக்கலாம், உருவமும் கூடவே நகரும். எந்திரமாக அதுதான் இவற்றில் மேல்.

விருந்தாக இல்லை. ஒவ்வொருவர் கைமாறும்போதும் தோள், பக்கம், இடுப்பு என்று கோலை வைத்து அளவு எடுக்கச் சொல்லும். தையல்கடை மாதிரி. ஆறு பேர் வரிசையில் நின்றால் மூன்றாமவர் காபி குடிக்கப் போய்விடுவார். இன்றைக்கு வாங்கினால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியும் பாதிச் சாவில் இருக்கும்.

நாற்காலி வீரன் | 2 செப்டம்பர் 2024, இரவு 9.05

முதல் பதிவில் "நமக்கு என்ன வேலை" என்று கேட்டதை வாபஸ் வாங்குகிறேன், பாக்ஸிங்குக்கு மட்டும் விட்டுவைத்து. பாவனை என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. பாவனை நன்றாக இருந்தால் போதும் என்கிறது பௌலிங், அவ்வளவுதான்.

ஸ்விட்ச் பக்கம் ஒரு கேள்வி. ஸ்விட்சின் ரிமோட்டான ஜாய்-கானில் பேட்மிண்டன் ஆடும்போது மட்டை கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சாய்கிறது. இது எல்லாரும் சொல்கிற டிரிஃப்ட்தானா?

வெள்ளீயம் | 2 செப்டம்பர் 2024, இரவு 10.31

இல்லை. எல்லாரும் சொல்வது கட்டைவிரலால் தள்ளும் குச்சியின் டிரிஃப்ட், தொடாமலே நகர்வதாகக் காட்டுவது, உள்ளே தேய்மானம். உங்களுடையது ஜைரோ பூஜ்யம் தவறியது. ஜாய்-கானைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸ், கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ், கேலிபரேட் மோஷன் கன்ட்ரோல்ஸ். சமதளத்தில் படுக்க வைத்து இடது என்றால் கழித்தல் பட்டன், வலது என்றால் கூட்டல் பட்டனை, முடிந்தது என்று சொல்லும்வரை அழுத்திப் பிடிக்கவும். மெத்தை சமதளம் ஆகாது. துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தலையில் வைத்தும் செய்யாதீர்கள்.